திருஷ்டியா, எஸ்எம்பிஎஸ்ஸா?

கேள்வி: என் மகன் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிவந்து, தானே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தான். ஆட்டம் சூடுபிடிக்கும்போது பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. மாமியார் திருஷ்டி என்கிறார். சுற்றிப் போடலாமா?
– ஒரு தாய், மயிலாப்பூர்

பதில்: தாராளமாக. பூசணிக்காயை மட்டும் கேபினெட் பக்கத்தில் உடைக்காதீர்கள்.

பிறகு பையனிடம் சொல்லுங்கள்: பயாஸில் ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு, இரண்டு ராம்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஆடட்டும். அடுத்து மற்றதை மட்டும் போட்டு ஆடட்டும். ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அலட்சியம் கூடாது.

நீலத் திரைகூட வராமல் சட்டென்று அணைந்தால் என் சந்தேகம், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் மேல்தான். கிராபிக்ஸ் கார்டு கண நேரத்தில் ஏகத்துக்கு மின்சாரம் இழுக்கும். மலிவான எஸ்எம்பிஎஸ் கையை விரித்துவிடும். கார்டுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பது, தங்க ஒட்டியாணத்தைச் சணல் கயிற்றில் கட்டுவது மாதிரி. மே மாத வெயிலும் விசிறியில் படிந்த தூசியும் வேறு இருக்கின்றன.

பிராசஸர் இன்டெலின் 13 அல்லது 14-ம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் விஷயம் வேறு. அவற்றில் பல தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தம்மையே கெடுத்துக்கொண்டதை 2024-இல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்ட பிராசஸரை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. மாற்றித்தான் வாங்க வேண்டும். பில்லை எடுத்துவரச் சொல்லுங்கள். தேதியை மட்டும் பாருங்கள்; விலையைப் பார்க்காதீர்கள்.