மோட்டாரைக் கடைசியில் பாருங்கள்

போடியில் காய்ந்த காற்று வீசும். போடிமெட்டை நெருங்கும்போது சாரல். பூப்பாறைப் பக்கம் இறங்கினால் கொட்டும் மழை. தென்மேற்குப் பருவத்தில் ஏலத் தோட்டத்துக்கு விடியுமுன் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்கு, பிரேக்குக்கு அடுத்தபடி முக்கியமானது வைப்பர்தான்.

சிறு வயதில் நான் ஏறியவை பெட்ரோல் ஜீப்புகள். வில்லிஸ் உரிமத்தில் மகிந்திரா தயாரித்தவை. அவற்றின் வைப்பருக்கு மின்சாரமே கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சும் இடத்திலிருந்து ஒரு ரப்பர் டியூப் கண்ணாடிச் சட்டத்துக்கு வரும். அந்த உறிஞ்சலில்தான் வைப்பர் ஆடும். சமதளத்தில் குறையில்லை. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் உறிஞ்சல் அடங்கி, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். ஏற்றமும் மழையும் ஒன்றாக வருகிற மலையில் இது எவ்வளவு பெரிய இடைஞ்சல்! டிரைவர்கள் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஒரு நொடி காலை எடுப்பார்கள். வைப்பர் விறுவிறுவென்று இரண்டு வீச்சு வீசும். அந்தத் தெளிவிலேயே வளைவைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்துக்கொள்வதும் உண்டு. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்தோடும்.

பிறகு டீசல் வந்தது. பெட்ரோல் இன்ஜினில் இருப்பதுபோலக் காற்றை அடைக்கும் கதவு டீசலில் இல்லை என்பதால் உறிஞ்சலும் இல்லை. பழைய ஜீப்பில் டீசல் இன்ஜின் இறக்கியவர்கள் பெரும்பாலும் 12 வோல்ட் மோட்டார் வைப்பரையும் சேர்த்தே மாட்டினார்கள்.

அந்த மோட்டார் நின்றுபோனால் எங்கிருந்து தேட வேண்டும் என்பதைக் கம்பத்தில் ஒரு பட்டறையில் கற்றேன். மோட்டாரைக் கழற்றப் போன என் கையைத் தட்டிவிட்டு, “அதத் தொடாதப்பா, மொதல்ல எர்த்தப் பாரு” என்றார் மேஸ்திரி. ஜீப்பின் கண்ணாடிச் சட்டம் மடங்கக்கூடியது. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மோட்டாருக்குக் கீல் வழியாகத்தான் பாடியின் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, கிடைக்க வேண்டும். மலைச்சாரலில் கீல் துருப்பிடித்தால் அந்த வழி அடைபடும். பேட்டரி நெகட்டிவிலிருந்து மோட்டாரின் உடம்புக்கு ஒரு வயரை நேராகப் பிடித்தார். வைப்பர் ஓடத் தொடங்கியது.

இன்று அதே ஜீப்புகள் பளபளவென்று புதுப்பிக்கப்பட்டுத் தேனிச் சாலைகளில் ஓடுகின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வைப்பர் நின்றால் உடனே புது மோட்டார் வாங்குகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அன்று துரு செய்த வேலையை இன்று பெயின்ட் செய்கிறது. கீலுக்கும் போல்ட்டுக்கும் அடியில் கெட்டியாகப் படிந்த பெயின்ட் எர்த்தைத் தடுத்துவிடுகிறது. புது மோட்டாரும் ஓடாது. சட்டத்திலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஓர் எர்த் வயர் இழுத்துவிட்டால் போதும்.

எர்த்துக்குப் பிறகு ஃபியூஸ், சுவிட்ச். அதற்கப்புறம், வைப்பர் கையைத் தாங்கும் ஸ்பிண்டிலை மோட்டாரின் இணைப்பிலிருந்து விடுவித்து விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். அது இறுகிக் கிடந்தால் மோட்டார் திணறிச் சூடாகும். அந்த நிலையில் புதிதை மாட்டினாலும் எரிந்துதான் போகும். மோட்டார் உறுமியும் கை அசையவில்லையா, உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது கையைப் பிடிக்கும் பல் மழுங்கியிருக்கும். சுவிட்சை அணைத்ததும் கை ஓரத்துக்குப் போகாமல் நடுக்கண்ணாடியில் நின்றால், அதை ஓரம் சேர்க்கும் கான்டாக்ட் கரிந்திருக்கும். உப்புக் காகிதத்தால் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்தும் அசையாத மோட்டாரைத்தான் பிரிக்க வேண்டும். அப்போதும் முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

இதையெல்லாம் மே மாதத்திலேயே, ஸ்பிண்டிலுக்கு இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு, முடித்துவிட வேண்டும். மேட்டில் சாரல் தொடங்கிவிட்டால் பட்டறையில் இடம் கிடைக்காது.