ஏலமும் ஏலமும்

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்னும் சொல், மலையில் விளையும் காயையும், நறுமணப் பொருள் வாரியத்தின் மையத்தில் வணிகர்கள் கணினிமுன் அமர்ந்து அக்காய்க்கு விலை கேட்கும் முறையையும் ஒருங்கே குறிக்கும். அலைக்கற்றை ஏலத்தின் பெருமையை விளக்க ஏட்டறிஞர் ஒருவர் அவ்வூரையே தேர்ந்தார். காய் எடுக்கும் பெண்களை விடியலில் ஜீப்பேற்றி மலைக்கு அனுப்பும் கங்காணி எதிரே அமர்ந்தார்.

அறிஞர்: பேச்சையும் தரவையும் சுமக்கும் வானலைப் பகுதியே அலைக்கற்றை. 2008-இல் வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012-இல் ரத்து செய்தபின், கைப்பேசிக்கான அலைக்கற்றையை அரசு ஏலத்தில்தான் விற்கிறது. போட்டிக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கங்காணி: ஏலக்காய்க்குப் போட்டி வந்தால் விளைவித்தவர் மடி நிறைகிறது, அலைக்கற்றைக்குப் போட்டி வந்தால் கருவூலம் நிறைகிறது, ஐயா. ஏர்செல் 2018-இல் கடையைச் சாத்தியது. அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. எஞ்சிய பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றும் 2024 ஜூன் இறுதியில் அடுத்தடுத்துக் கட்டண உயர்வை அறிவித்தன. விலை கட்டாவிட்டால் தோட்டக்காரர் காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சந்தாதாரர் எதைத் திரும்ப எடுப்பார்?

அறிஞர்: எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் உள்ளதே! 1900 என்னும் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் வேலை தொடங்கிவிடும்.

கங்காணி: சிக்னல் கிடைக்காததால் மாற விரும்புபவர், அந்தக் குறுஞ்செய்தியை அனுப்புவதற்காகவே, சிக்னல் கிடைக்கும் கொண்டை ஊசி வளைவுவரை இறங்கி வருகிறார், வந்து பார்த்தால், மாறிச் செல்ல எண்ணிய நிறுவனத்திற்குத் தோட்டத்தருகே கோபுரமே இல்லை.

அறிஞர்: போட்டியாளர் குறையாதிருக்கவே, வோடஃபோன் ஐடியாவின் நிலுவையை 2025-இல் பங்குகளாக மாற்றி, அரசு ஏறத்தாழ 49 விழுக்காட்டைத் தன்வசம் கொண்டது, பி.எஸ்.என்.எல். ஏற்கெனவே அரசுடையது.

கங்காணி: ஏலம் விடுபவரே கூட்டத்திலும் இரண்டு நாற்காலி போட்டு அமர்ந்து ஏலம் கேட்கிறார் என்று சொல்லுங்கள்!

அறிஞர் மறுமொழிக்காகக் கைப்பேசியில் புள்ளிவிவரம் தேடுவதற்குள், ஜீப் போடிமெட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. வழக்கொழிந்த ஒன்றை ‘மலையேறிவிட்டது’ என்பது தமிழ் மரபு. தோட்டத்துச் சரிவில் இரண்டாவது நிறுவனத்தின் கோபுரம் எழும்வரை, கைப்பேசித் துறையின் போட்டியும் அந்தப் பொருளில் மட்டுமே மலையேறியிருக்கிறது.