மாடியில் விழுகிறவர்கள்

எங்கள் வீட்டு மாடியில் ஆறு மாதமாக மனிதர்கள் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் நாள் 'தொம்' என்று சத்தம் கேட்டபோது, "சிலிண்டர்காரன் வந்துட்டானா பாரு" என்றாள் அம்மா. மேலே போய்ப் பார்த்தேன். கூடத்தில் ஒன்பது பேர் தரையில் கிடந்தார்கள். ஒரு பெண் மட்டும் தலையைத் தூக்கி, "விழப் பழகறோம் அங்கிள்" என்றாள். எனக்கு வயது முப்பத்தொன்பது. விழுந்தது அவர்கள், அடிபட்டது நான்.

திருவான்மியூரில் நடனம் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா இருக்கிற ஊர். பயிற்சிப் புடவையோடு சைக்கிளில் போகும் பெண்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் மாடிக்காரர்களிடம் சலங்கை இல்லை, ஜதி இல்லை, பாட்டு இல்லை. தங்களை 'குரூப்' என்றும் சொல்லிக்கொள்வதில்லை. குரூப் டான்ஸ் என்றால் கதாநாயகனுக்குப் பின்னால் ஆடுவதாம். இவர்கள் 'கலெக்டிவ்'. அம்மா அதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு, மாடியில் இருப்பது கலெக்டர் ஆபீஸ் பிள்ளைகள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அதனாலேயே மூன்று மாதம் யாரும் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்யவில்லை.

இவர்களை அடையாளம் காண எளிய வழி, பேச்சைக் கேட்பது. நமக்கெல்லாம் இருப்பது உடம்பு. இவர்களுக்கு இருப்பது உடல். உடம்பு சரியில்லை என்று லீவு போடலாம், உடல் சரியில்லை என்று போட முடியாது. அதனால்தானோ என்னவோ இவர்கள் லீவே போடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமையும் விழுகிறார்கள். அதேபோல் நமக்கு இடம், இவர்களுக்கு வெளி. "இந்த வெளி எங்களை ஏத்துக்கிச்சு" என்று வீட்டு உரிமையாளரிடம் நெகிழ்ந்து சொன்னார்கள். அவர் அம்பத்தூர்க்காரர். வெளியோ உள்ளோ, ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிட வேண்டும் என்றார்.

ஒன்பது பேரில் ஒருவர் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்தவர். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், கண்ணில் எப்போதும் விடுதலை. இன்னொருவர் ஜெர்மனியில் வூப்பர்டாலுக்குப் பயிலரங்கம் போய்வந்தவர். அந்த ஊர் நடன மேதை பினா பௌஷின் பெயரை அவர் உச்சரிக்கும்போது மற்றவர்கள் கொஞ்சம் தலை குனிவார்கள். 1978-இல் பௌஷ் உருவாக்கிய 'கொன்டாக்ட்ஹோஃப்' என்ற படைப்பை 2000-இல் அறுபத்தைந்து வயது தாண்டிய சாதாரண ஊர்க்காரர்களை வைத்தே மறுபடி ஆட வைத்தாராம். இந்தக் கதையைக் கேட்ட நாள் முதல் அம்மா மாடிப்படியை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

பாவம் என்று தோன்றுவது பரதநாட்டியத்திலிருந்து வந்த பெண்ணைப் பார்த்துத்தான். பன்னிரண்டு வருடப் பயிற்சி, அரங்கேற்றம், ஆல்பம், எல்லாம் ஆயிற்று. இப்போது அத்தனையையும் மறக்கப் பயிற்சி. "சும்மா நட" என்பார்கள். நடப்பாள். "அழகா நடக்காதே!" என்று எட்டுப் பேரும் கத்துவார்கள். மறுபடி நடப்பாள். இடுப்பு எங்கேயோ பரதத்தின் அரைமண்டிக்குத் தவிக்கும். அவளுக்கு ஆறுதல் சந்திரலேகா. பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டியே வாழ்ந்தவர். சாமி கதையை விலக்கிவைத்து, பரதத்தோடு களரியையும் யோகத்தையும் சேர்த்து 1985-இல் 'அங்கிகா' செய்தவர். "அவங்க அரைமண்டியை விடலையே!" என்பாள் அந்தப் பெண், கண் கலங்க.

ஒன்பதாவது ஆள் ஆடுவதே இல்லை. நிதி விண்ணப்பம் எழுதுவது அவர் வேலை. ஒருமுறை அச்சுப்பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார். நாலு பக்கத்தில் 'சமூகம்' இருபத்தாறு இடத்தில் வந்தது, 'நடனம்' மூன்று இடத்தில். அதில் ஒன்று முகவரியில்.

தலைவர் கிடையாது என்பது இவர்களின் முதல் கொள்கை. ஓட்டெடுப்பும் கிடையாது. ஓட்டெடுத்தால் தோற்றவர் மனம் வாடுமே! ஒன்பது பேரும் இசையும்வரை பேச வேண்டும். கைதட்டினால் அது அதிகாரம் என்று இரண்டு கையையும் தூக்கி விரலை ஆட்டுவார்கள். முதல் தடவை அதைப் பார்த்த அம்மா, கிளம்புகிறார்கள் என்று நினைத்து, "போயிட்டு வாங்க கண்ணுங்களா" என்றாள். விழுவதற்கு விரிப்பு வாங்குவது பற்றி மூன்று வாரம் பேசினார்கள். கோரைப்பாய் நம் மண்ணுடையது, ஆனால் முதுகைக் கீறும். ரப்பர் விரிப்பு மெத்தென்றிருக்கும், ஆனால் கொள்கையைக் கீறும். இன்றுவரை முடிவாகவில்லை. அந்த 'தொம்' நேராக எங்கள் சமையலறைக்கு வருவது அதனால்தான்.

விரிப்பாவது பரவாயில்லை, சாவி நான்கு வாரம் எடுத்துக்கொண்டது. தலைவரே இல்லாத இடத்தில் சாவி வைத்திருப்பவர்தானே தலைவர்? மென்பொருள்காரர் எழுந்தால்தான் கலைக்கு விடிந்தது. இது ஒரு நாள் எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்துவிட்டது. ஒன்பது டூப்ளிகேட் போட்டால் தீர்ந்தது என்று கீழ்வீட்டுக்காரன் என்ற முறையில் சொன்னேன். ஒன்பது சாவி என்றால் ஒன்பது தனிச்சொத்து என்றார்கள். கடைசியில், இயக்கத்துக்குச் சம்பந்தமில்லாத நடுநிலையான ஒருவரிடம் சாவி இருக்கட்டும் என்று முடிவானது. இப்படித்தான் அறுபத்தெட்டு வயதில் என் அம்மா ஒரு நவீன நடனக் கலெக்டிவின் தலைவியானாள்.

பதவி ஏற்றதும் வரலாறு படிக்க வேண்டுமே. தினமும் சாவி வாங்க வரும்போது ஆளுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார்கள். 1962 ஜூலையில் நியூயார்க்கில் ஜட்சன் தேவாலயத்தில் சில இளைஞர்கள் ஆடிய ஆட்டம்தான் மூலமாம். நடப்பது, ஓடுவது, நாற்காலி தூக்குவது, எல்லாமே நடனம். "அப்ப நான் காலைலேர்ந்து ஆடிக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்றாள் அம்மா. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இவோன் ரெய்னர் 1965-இல் பிரமாண்டம் வேண்டாம், வித்தை காட்ட வேண்டாம், மயக்க வேண்டாம் என்று ஒரு வேண்டாம் பட்டியலே போட்டவர். அதைக் கேட்டு அம்மாவும் ஒன்று எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டினாள்: ஒன்பது மணிக்கு மேல் விழ வேண்டாம். ஈரக்காலோடு படியேற வேண்டாம். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் குப்புறப் படுக்க வேண்டாம். ஒன்பது பேரும் விரலை ஆட்டினார்கள். அந்தக் கலெக்டிவின் வரலாற்றில் விவாதமில்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

சமூகத்தோடு கலப்பதற்கு ஒரு நாள் குப்பத்துக்குப் போனார்கள். 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசையும் பறையும் ஒரே விழாவில் ஒலித்ததிலிருந்து கடற்கரைப் பக்கத்துக் கலைஞர்களுக்கெல்லாம் இந்த ஏக்கம் உண்டு. நானும் பைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்டீவ் பாக்ஸ்டன் என்பவர் 1967-இல் செய்த படைப்பு ஒன்றில் ஆட்கள் மேடையைக் கடந்து நடப்பார்கள், நிற்பார்கள், உட்காருவார்கள், அவ்வளவுதான். அந்தப் பாணியில் மீன் விற்கும் பெண்களோடு சேர்ந்து நடப்பது திட்டம். ஒரு அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நடக்கவா கூப்ட்டீங்கோ? நான் காலைல நாலு மணிலேர்ந்து நடந்துகினுதான் கீறேன்" என்றார். ஆனாலும் நல்ல மனசு, நடந்தார். மெதுவாக, இன்னும் மெதுவாக என்றார்கள். பத்தடி போனதும் நின்றுவிட்டார். "இவ்ளோ மெதுவா நட்ந்தா மீனு நாறிப்பூடும் கண்ணு." ஒன்பதாவது ஆள் அதை அப்படியே குறித்துக்கொண்டார். அடுத்த விண்ணப்பத்தின் முதல் வரி அதுதான்.

கேலி செய்துகொண்டே போகலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவனாவேன். ஒத்திகைக்கு முன் வட்டமாக உட்கார்ந்து, இன்று உடல் எப்படி இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்வது இவர்கள் வழக்கம். ஒரு நாள் சாவி கொடுக்கப் போன அம்மாவையும் உட்கார வைத்தார்கள். அவள் வலது முழங்காலில் தொடங்கி, என்னைப் பெற்றபோது வந்த இடுப்பு வலி வழியாக, அப்பா போன பிறகு வராத தூக்கம்வரை சொன்னாள். இருபது நிமிடம். ஒருவரும் குறுக்கே பேசவில்லை, போனைப் பார்க்கவில்லை, தைலம் சிபாரிசு செய்யவில்லை. நான் வாசற்படியில் நின்று கேட்டேன். தூக்கம் வராத விஷயம் எனக்குப் புதிது.

சென்ற மாதம் கல்யாணத்துக்காக அம்மா கும்பகோணம் போய்விட்டாள், நான் வேலையாகக் கோவையில். இருவரும் திரும்பி வந்தபோது படிக்கு ஒருவராக ஒன்பது பேர் அசையாமல் நின்றிருந்தார்கள். சாவி இல்லையாம். கதவை உடைப்பது வன்முறை, அம்மாவுக்குப் போன் செய்வது அவர் ஓய்வில் தலையிடுவது. அதனால் நிற்பதையே ஒத்திகை ஆக்கிக்கொண்டார்களாம். 'பூட்டு' என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. பரதநாட்டியப் பெண் கடைசிப் படியில், ஒருவழியாக அழகில்லாமல் நின்றிருந்தாள்.

பெட்டியை இறக்கி வைத்த அம்மா, "ஏம்ப்பா, சாவியை எதிர்ல இஸ்திரிக் கடையில குடுத்துட்டுத்தானே போனேன்?" என்றாள்.

எல்லோரும் எதிரே திரும்பினோம். இஸ்திரிக்காரர் பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கேப்பாங்கன்னு ரெண்டு நாளா பாத்துக்கிட்டே இருக்கேம்மா" என்றார். "கேக்கவே இல்ல. ஆனா நல்லா நின்னாங்க."