லோதி ரோட்டில் இளமையும் அனுபவமும்

கேள்வி: தடுமாறும் கால்பந்து அணியைக் கரைசேர்ப்பது அனுபவமா, இளமையா?

பதில்: இளமைதான், ஆனால் பயிற்சியாளரை ஆண்டுதோறும் மாற்றாத அணியில் மட்டுமே. லோதி ரோட்டின் ஜவாஹர்லால் நேரு மைதானத்தைச் சொந்தக் களமாகக் கொண்டிருந்த டெல்லி டைனமோஸ் இதற்குத் தக்க சான்று. 2014இல், ரசிகரை ஈர்ப்பதற்கென ஒப்பந்தமாகும் நட்சத்திர வீரரான 'மார்க்கி' என்ற நிலையில் நாற்பதை எட்டவிருந்த டெல் பியரோ வந்தார். அவ்வளவு பெரிய பெயருக்குக் கிடைத்த கோல் ஒன்றே. 2015இல் ராபர்ட்டோ கார்லோஸ் வீரராகவும் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றபோதும், அடுத்த ஆண்டு சாம்புரோட்டாவின் கீழும் அணி அரையிறுதி கண்டது உண்மையே. ஆயினும் ஐந்து பருவங்களில் ஐந்து பயிற்சியாளர்கள் வந்துபோன இடத்தில் எந்த ஆட்டமுறையும் வேர்பிடிக்கவில்லை.

2018-19இல் பயிற்சியாளர் ஜோசப் கோம்பாவ், பந்தை எதிரணிக்கு விடாமல் சிறு பாஸ்களால் முன்னேறும் முறையைச் சாங்டே, சென்னையின் நந்தகுமார் முதலிய இளைஞர்களுக்குப் பழக்கினார்; தொடக்கத்தில் நெடுநாள் வெற்றியே காணாத அணி எட்டாம் இடத்தில் முடித்தும் அவர் நீக்கப்படவில்லை. 2019இல் அணி புவனேஸ்வரம் பெயர்ந்து ஒடிசா எஃப்சி ஆனது. அவரும் உடன்சென்றார், அணி ஆறாம் இடத்துக்கு ஏறியது. அந்தப் பொறுமையின் பயனைக் காணும் வாய்ப்பு டெல்லி ரசிகர்களுக்குக் கிட்டாமற்போனது பெருங்குறை. 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றிக் கோலை அடித்தவர் கோம்பாவிடம் பழகிய அதே நந்தகுமார்.