சட்டிக்கு ஒரு சாய்மானம்

எங்கள் வளவில் கிடக்கும் பழைய அலுமினியப் படகுக்கு மூன்று பூர்வீகங்கள் உண்டு. முதலாவது சந்தித் தேநீர்க் கடையில் சொல்லப்படுவது: 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் தாழ்த்திய ஹேர்மிஸ் கப்பலிலிருந்து கழன்று வந்த படகு இது. இப்படி ரிவெட் அடித்த சின்ன அலுமினியப் படகுகள் யுத்தம் முடிந்த பிறகுதானே சந்தைக்கு வந்தன என்று கேட்டேன். கதை சொன்ன பெரியவர் அசரவில்லை. “அதான் தம்பி, கப்பல் தாண்டு கனகாலத்துக்குப் பிறகுதான் இது கழண்டிருக்கு.”

இரண்டாவது, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்காக இங்கினியாகலையில் அணை கட்ட வந்த அமெரிக்கக் கம்பனிக்காரர் மீன் பிடித்து விளையாடிவிட்டு விட்டுப்போனது என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது, என் மாமனார் எங்கோ ஏலத்தில் ஏமாந்து வாங்கியது. சொன்னவர் மாமி. மூவரில் ஆதாரத்தோடு பேசுபவரும் அவர்தான்: அந்த ஏலத்துக்காக விற்ற காப்புக்கு இன்னும் பதில் காப்பு வரவில்லை.

இந்த இனத்துப் படகுகளே ஒரு சலிப்பில் பிறந்தவை. 1944இல் அமெரிக்காவின் கிரம்மன் விமானக் கம்பனியின் உபதலைவர் வில்லியம் ஹொஃப்மன் விடுமுறைக்குப் போன இடத்தில், கன்வஸ் போர்த்திய மரப்படகைக் கரைக்குக் கரை சுமந்து களைத்தார். விமானத் தகட்டிலேயே படகு செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஹெல்கற் போர்விமானத்துக்கு ரிவெட் அடித்த கம்பனி, யுத்தம் முடிந்த கையோடு படகுக்கும் அடித்தது. பிறகு பல கம்பனிகள் அதே வழியில் இறங்கின. எங்களுடையது எந்தக் கம்பனி என்று சொல்லும் தகடு தேய்ந்துவிட்டது. அயலட்டையில் அதற்கு ‘சட்டி’ என்று பெயர்.

சட்டியில் இருக்கை இல்லை. முந்தி இருந்த குறுக்குப் பலகைகள் ஆட்டுக்கூட்டுக்குத் தளமாகிவிட்டன. ஐம்பதுகளில் இருந்தபடியே திருப்பிச் செய்வது என்று நான் இறங்கினேன்: வார்னிஷ் பூசிய பலகை, சாய்மானம், இரு நிற ரெக்சின், வரிவரியாய் மடிப்புத் தையல். மாமி கேட்டார், “வாவிக்குள்ள போறதுக்குச் சாய்மானம் என்னத்துக்கு?”

நியாயமான கேள்வி. எங்கள் மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளம். அதன் நெடுக யாரும் சாய்ந்திருந்து போனதாகத் தெரியவில்லை. தோணியில் கம்பு ஊன்றுபவர் நிற்பார், மற்றவர் குந்துவார். மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் இணைத்தது ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவை. அதில் இருக்கை வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டியிருந்தது. அதை ஏற்றி, அதன் சீட்டிலேயே அமர்ந்து அக்கரை சேர முடிந்தது.

ஆனால் தகட்டுப் படகில் இருக்கை என்பது ஆள் இருப்பதற்கு மட்டுமானதல்ல. இரண்டு பக்கச் சுவரையும் விறைப்பாகப் பிடித்து வைத்திருப்பது அந்தக் குறுக்குப் பலகைதான். அது இல்லாவிட்டால் அலையில் தகடு நெளியும். தோணி கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும். அலுமினியம் நேரே அடிக்குப் போய்விடும். அதனால்தான் இருக்கைக்கு அடியில் காற்றுப் பெட்டியோ மிதவை ஃபோமோ வைத்து அடைப்பார்கள். இதையெல்லாம் மாமிக்கு விளக்கினேன். “அப்ப நாங்க ஏறாட்டியும் கதிரை வேணும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மரவேலைக்குக் காத்தான்குடியிலிருந்து ஓர் ஓடாவிக் காக்கா வந்தார். சாவண்டலைப் பலகை அவர் தேர்வு. திருகோணமலையிலிருந்து மதராசுக்குக் கப்பலேறி, அங்கே மசூலாப் படகு கட்டப் பயன்பட்ட மரம். வளையும், இலேசில் முறியாது. அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. சண்டை ஆணியில் வந்தது. அவர் பித்தளை என்றார். நான் எவர்சில்வர் என்றேன்.

“செம்பாணி அடிச்ச தோணி என்ட வாப்பாட காலத்தில இருந்து கிடக்கு, மனே.”

“அது மரத்தோணி, காக்கா. பித்தளைக்குள்ளயும் செம்புதான். செம்பும் அலுமினியமும் உப்புத்தண்ணியும் சேர்ந்தா பற்றரி மாதிரி வேலை செய்யும். கரையிறது அலுமினியம்.”

அவர் பதில் பேசாமல் படகைச் சுற்றி நடந்தார். பின்பக்கத் தகட்டில், யாரோ எந்தக் காலத்திலோ இறுக்கிய ஒரு பித்தளைத் திருகாணி இருந்தது. ஆணி புதிது போலப் பளபளத்தது. அதைச் சுற்றி உப்பு உறைந்தது போல வெள்ளைப் பொருக்கு. காக்கா சுண்டுவிரலால் தட்டினார். பொருக்கு உதிர்ந்தது, ஆணி வளவுக்குள் விழுந்தது, அது இருந்த ஓட்டைக்குள் விரல் போய்விட்டது. விரலை எடுக்காமலே, “எவர்சில்வர் ஆணி எத்தின வேணும்?” என்றார். மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்ததும், ஆணித் தலைக்குக் கீழே நைலோன் வாஷர் போட்டதும் அவர் யோசனைதான்.

மெத்தைக்கு ஆட்டோ குஷன் கடை. கடைக்காரத் தம்பி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, “பஜாஜா, டிவிஎஸ்ஸா?” என்றான். படகு என்றேன். “படகுக்கு மீட்டர் பொருத்தப் போறீங்களா அண்ணன்?” சிவப்பும் கிறீமும் என்று நிறம் சொன்னேன், பழைய படம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சாய்மானத்தின் பின்பக்கம் வெறுமையாய்க் கிடப்பதைப் பொறுக்காமல், “‘அம்மாவின் ஆசி’ அடிச்சு விடவா?” என்று கேட்டான். வேண்டாம் என்றதும், எனக்கும் அம்மாவுக்கும் ஏதோ மனக்கசப்பு என்று எண்ணிக்கொண்டு ஃபோமில் விலை குறைத்தான்.

தனியாக இரண்டு மெத்தைகளுக்கு மட்டும் ஃபோம் வேண்டாம் என்றேன். அந்தக் காலத்துப் படகு மெத்தைக்குள்ளும் உயிர்காப்பு அங்கிக்குள்ளும் இருந்தது நம் இலவம் பஞ்சு. அதன் நார் உள்ளே குழல், வெளியே மெழுகு. தண்ணீரில் இலேசில் ஊறாது, நன்றாக மிதக்கும். எண்ணெய் மட்டும் ஆகாது. ஆகவே, வரலாற்றுக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால் வீட்டுத் தலையணையைப் பிரிக்க வேண்டும். மாமியின் தலையணை அது. காப்புக் கதை மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது.

கச்சான் காற்று வீசும் ஒரு மதியம் சட்டி கல்லடியில் இறங்கியது. வெயிலில் கிடந்த ரெக்சினில் முதலில் அமர்ந்த மைத்துனன், அமர்ந்த வேகத்திலேயே எழுந்தான். துவாய் விரித்தோம். பிறகுதான் பெரிய பிரச்சினை. முன்னிருக்கை முன்னுக்கும் பின்னிருக்கை பின்னுக்கும் பார்க்க, முதுகோடு முதுகாக வைப்பது அந்தக் கால மோஸ்தர். நானும் அப்படியே வைத்திருந்தேன். நிழல் விழும் இடம் என்று பின்னிருக்கையை மாமிக்குக் காட்டினேன்.

“போற திசையப் பார்க்காம வந்த வழியப் பார்த்துக்கொண்டு போறதுக்கு, நான் என்ன பாடையிலயா போறன் மருமகன்?”

கரையில் நின்றவர்கள் எல்லோரும் அவர் பக்கம். காக்கா அன்றைக்கே சாய்மானத்தைக் கழற்றி, எந்தப் பக்கமும் புரட்டக்கூடியதாகப் பிணைச்சல் போட்டுத் தந்தார். 2013இல் திறந்த புதுப் பாலத்துக்கு அடியால் போனபோது எல்லாரும் முன்னுக்குப் பார்த்திருந்தோம். இயந்திரம் பிடித்தவனான நான், மாமியின் கொண்டையைப் பார்த்திருந்தேன்.

சாய்மானத்தைப் புரட்டியதில் வெறுமையான பின்பக்கம் இப்போது என் முகத்துக்கு நேரே. அடுத்த கிழமை குஷன் கடைக்குப் போனேன். தம்பி நூலைக் கோர்த்தபடி, “‘அம்மாவின் ஆசி’ தானே?” என்றான்.

“மாமியின் ஆசி எண்டு போடு. எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டும். அவ கரையில இருந்தே வாசிக்கோணும்.”