மலைக்கு மெழுகு பூசாதே, பேராண்டி!

ஏம்பா பேராண்டி, ரமணாசிரமத்துக்கு எதிர்ல உட்கார்ந்து லேப்டாப்புல அண்ணாமலையைக் கட்டி முடிச்சிட்டியாமே! முதுகுக்குப் பின்னால நிஜ மலை நிக்குது. திரும்பிப் பார்க்கத்தான் உனக்கு நேரமில்லை. நல்ல பக்தி!

நீ கட்டினது மலையா, பிளாஸ்டிக் குடமா? பாறைக்குப் பாறை வெள்ளையா மினுக்குதே!

காரணம் எனக்கே தெரியும். நீ பாடம் கேட்கிற சத்தத்துல தெருவே படிச்சாச்சு. லாம்பர்ட்னு ஒருத்தர் 1760-லயே சொல்லிட்டாராம்: மினுக்கில்லாத பரப்புல வெளிச்சம் நேரா விழுந்தா முழுசு, அறுபது டிகிரி சாய்ஞ்சா பாதி. நீ எங்கே நின்னு பார்த்தாலும் அதே அளவுதான். காய்ஞ்ச பாறைக்கு அது ஏறக்குறையப் போதும். மழையில நனைஞ்சா அதே பாறை கறுத்து, பளபளக்கும். அன்னிக்கு எடு உன் மினுக்கை.

அந்த மினுக்குக்குக் கணக்குப் போட்டவர் போங், வியட்நாம்காரர். யூட்டா பல்கலைக்கழகத்துல படிச்சு, 1975-ல வெளியிட்டார். அதுல ஒரு எண் உண்டு: சின்னதா வச்சா மினுக்கு பரவும், பெருசா வச்சா ஊசிமுனை ஆகும். நீ பாறைக்கும் பாத்திரத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டிருக்கே. சமத்துவம்!

இந்தா, இந்தப் பித்தளைச் சொம்பைப் பிடி. தலையை ஆட்டு. மினுக்கு உன்கூடவே நகருதா? என்ன நிறம்? மஞ்சள். பிளாஸ்டிக்குல விழுற மினுக்கு விளக்கோட நிறத்துலயே இருக்கும்; பித்தளை தன் நிறத்தையும் அதுல ஏத்திடும். 1982-ல குக்கும் டாரன்ஸும் விளக்கிக் காட்டின விஷயம் இது. லேப்டாப்புல இருக்கிற உன் சொம்பு மட்டும் ஏன் வெள்ளைப் பல்லைக் காட்டுது?

உன் மலையில இருக்கிற விருபாக்ஷ குகைக்குள்ள வெளிவாசல் அளவுக்கு வெளிச்சம் வேற! ஆம்பியன்ட்னு ஒரு எண்ணைத் தூக்கி எல்லா மூலைக்கும் கொட்டிட்டா வேலை முடிஞ்சுதா? நிஜத்துல வெளிச்சம் பாறையில பட்டு, தரையில பட்டு, பட்ட இடத்துலயெல்லாம் கொஞ்சம் இழந்துதான் உள்ளே நுழையும். அந்தப் பட்டுத் தெறிக்கிற கணக்கை 1986-ல கஜியா ஒரே சமன்பாட்டுல அடக்கிட்டார். குகைக்குள்ள போய் அரைமணி உட்கார், சமன்பாடு தானா விளங்கும்.

கடைசியா உன் கார்த்திகை தீபம். தூரம் இரட்டிப்பானா வெளிச்சம் கால்வாசிதான். நீயோ 2,668 அடி மலை உச்சியில ஏத்தின தீபத்துக்குச் செங்கம் ரோட்டுல ஆள் நிழல் விழ வச்சிருக்கே! அப்படியே அதை ஊருக்குக் கொடுத்துடு ராசா, தெருவிளக்கையெல்லாம் கழட்டிடலாம்.