பட்டாசு ஊரில் கோட்டையா?

கேள்வி: பழைய சிவகாசி நாடாளுமன்றத் தொகுதி யாருடைய கோட்டை?
– ஒரு வாசகர், சாத்தூர்

பதில்: பட்டாசு ஊரில் கோட்டை கட்ட யாருக்கய்யா துணிச்சல் வரும்? 1967-ல் ராஜாஜியின் சுதந்திரா கட்சி. பிறகு இரண்டு முறை காங்கிரஸின் ஜெயலட்சுமி. 1980-ல் அ.தி.மு.க. மாநிலம் முழுக்க மண்ணைக் கவ்வியபோது, அதற்குத் தேறிய எம்.பி.க்கள் இரண்டே பேர். ஒருவர் கோபிச்செட்டிபாளையம், இன்னொருவர் சிவகாசி! 1996-ல் முதலாளிகள் நிறைந்த இந்த ஊர், இந்திய கம்யூனிஸ்ட் அழகிரிசாமியை டெல்லிக்கு அனுப்பியது. 1998-ல் அ.தி.மு.க. அணியில் நின்று ஜெயித்த வைகோ, அடுத்த ஆண்டே தி.மு.க. அணியில் நின்றும் ஜெயித்தார். அணிதான் மாறியது, ஆள் மாறவில்லை! எல்லாக் கட்சிக்கும் போஸ்டர் அச்சடித்துக் கொடுத்த ஊரில் தி.மு.க.வின் உதயசூரியன் மட்டும் கடைசிவரை ஜெயிக்கவே இல்லை. தொகுதி மறுசீரமைப்பில் சிவகாசி தொகுதி மறைந்து, விருதுநகர் வந்தது. அங்கே 2009-ல் நடந்த முதல் தேர்தலிலேயே வைகோ, காங்கிரஸின் மாணிக்கம் தாகூரிடம் தோற்றார்.